நிழற்குடைக்கு ஒரு ஸ்வெட்டர்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையதல்ல. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடமிருந்து எடுத்தது. பந்திக்கு முந்து என்பார்கள். நான் முந்தியது சாப்பாட்டுக்குத்தான், கதை கூடுதலாகக் கிடைத்தது. சாம்பார் வரும்போது அவர், "எங்க ஊர்ல ஒரு தபா பஸ் ஸ்டாப்புக்கு ஸ்வெட்டர் போட்டாங்க, தெரியுமா?" என்று ஆரம்பித்தார். ரசம் வரைக்கும் நன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பாயசம் வந்தது. மனிதர் கதையை அப்படியே விட்டுவிட்டார். மோர் ஊற்றும்போது திரும்பிப் பார்த்தேன்; இலையை மூடிவிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தார். முடிவும் அவரோடு கைகழுவப் போய்விட்டது.

விவரமான ஆள் என்றால் அதோடு விட்டிருப்பான். ஆனால் அரைகுறையாகக் கேட்டதை முழுசாகச் சொல்வதுதானே எங்கள் தொழில். அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் வரிக்கு எழுதிப் பார்த்தவை:

"1991. ஸ்ரீபெரும்புதூர்."

அடித்துவிட்டேன். இந்த இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டதும் நீங்கள் எதை நினைத்தீர்களோ, அது இந்தக் கதையில் இல்லை. அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

"ஐப்பசி மழை சற்றே ஓய்ந்த காலை நேரத்தில், பசுமையான வயல்களின் நடுவே ஒரு…"

வயல் வந்தால் கொக்கு வரும். கொக்கு வந்தால் ஒரு பக்கத்துக்கு நான் அதை விட்டு இறங்க மாட்டேன். அடித்தாயிற்று.

"ரஞ்சனி சாக்கு மூட்டையைப் பிரித்தாள்."

இது இருக்கட்டும். ஆனால் சாக்கு யார் அனுப்பியது, ரஞ்சனி யார் என்று சொல்லாமல் மூட்டையைப் பிரித்தால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். அதனால் கட்டியே வைக்கிறேன். கொஞ்சம் பின்னாலிருந்து வருவோம்.

3

பிள்ளைப்பாக்கத்துக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால் அந்த ஊர்க்காரர்கள், "அப்படியெல்லாம் எங்கள் ஊரில் கிடையாது" என்று கடிதம் எழுதுவார்கள். அக்கம்பக்கத்து ஊர்களில் அப்படித்தான் நடக்கும் என்றும் சேர்த்து எழுதுவார்கள்.

ஊரை ஒட்டிப் பல்சக்கரம் செய்யும் ஒரு கம்பெனி வந்திருந்தது. வந்த புதிதில் ஊருக்கு ஒரு பஸ் நிழற்குடை கட்டிக் கொடுத்தது. பஸ்ஸைத் தவிர மற்ற எல்லாம் அங்கே வந்து நிற்கும். அந்த வருஷம் உலகத்துப் பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். நம் வட்டாரத்தின் பெயர் ஒரு நல்ல காரியத்துக்காகவும் பேப்பரில் வரவேண்டும் என்று கம்பெனிக்கு ஆசை பிறந்தது. மரம் நடலாம், கண் முகாம் நடத்தலாம். அதெல்லாம் எல்லாக் கம்பெனியும் செய்வது. இவர்கள் மெட்ராஸிலிருந்து ஸ்ரீதர் என்ற ஓவியரை அழைத்துவந்தார்கள்.

(ஸ்ரீதருக்கு முதலில் தாடி வைத்திருந்தேன், ஜோல்னாப் பையும் மாட்டியிருந்தேன். கதைக்குள் வருகிற ஓவியர் எல்லாருக்கும் ஒரே கடையில் பை வாங்கிக் கொடுத்து எனக்கே அலுத்துவிட்டது. மழித்து, சஃபாரி சூட் போட்டுவிட்டேன். அவருக்கு நன்றாகத்தான் இருக்கிறது.)

ஸ்ரீதர் ஏதோ ஒரு குளிர்தேசத்துக்குப் போனபோது கம்பளி போர்த்திய பாலம் ஒன்றைப் பார்த்தாராம். அங்கிருந்த பெண்கள் ஆளுக்கு ஒரு சதுரம் பின்னி, எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்துப் பாலத்துக்குப் போர்த்தியிருந்தார்களாம். இங்கேயும் அப்படியே செய்யலாம் என்றார். வீட்டுக்கு ஒரு பெண், ஆளுக்கு ஒரு சதுரம். எல்லாம் சேர்ந்து நிழற்குடையின் கூரையிலிருந்து தரை வரைக்கும் தொங்கும். 'ஒரே ஊர், ஒரே போர்வை' என்று பெயரும் வைத்துவிட்டார்.

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை. மற்ற மாதங்களில் தார் உருகும் வெயில். இந்த நிழற்குடைக்கு எந்த மாதத்தில் குளிரும் என்று கம்பெனியில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'இது கலை' என்று பதில் வந்திருக்கும், கேட்டவர் வாயை மூடிக்கொண்டு போயிருப்பார்.

4

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. இந்தச் சதுரங்களையெல்லாம் பின்னவைத்து, வாங்கி, சேர்த்துத் தைக்கும் வேலை பால்வாடி டீச்சர் ரஞ்சனியின் தலையில் விழுந்தது. பால்வாடிப் பயிற்சியில் உல்லன் பின்னக் கற்றுக்கொண்டவள் ஊரில் அவள் ஒருத்திதான்.

சும்மா விழவில்லை. கம்பெனியில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம் திறக்கப்போகிறார்கள், அதற்கு ஒரு டீச்சர் வேண்டும் என்று பர்சனல் ஆபீசர் காதில் போட்டிருந்தார். "இத நல்லபடியா முடிச்சிக் குடுங்கம்மா, உங்கள மறக்க மாட்டோம்" என்றும் சொல்லியிருந்தார். பால்வாடிச் சம்பளம் வந்தால் வரும், வராவிட்டால் அடுத்த மாதம் சேர்ந்து வரும். ரஞ்சனியின் புருஷன் கொத்தனார். மழைக்காலத்தில் அவன் செய்யும் ஒரே வேலை வானத்தைப் பார்ப்பது. கம்பெனி வேலை என்றால் பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு. ரஞ்சனிக்கு அந்த வேலை வேண்டும். வேண்டும் என்றால் அப்படி ஒரு வேண்டும், சாமி கும்பிடும்போதுகூட அதுதான் வாயில் வந்தது.

[இங்கே அவளுக்கு இதைவிடப் பெரிய ஆசையாக ஒன்று கொடுக்கலாமா என்று பார்த்தேன். கதாநாயகி அல்லவா, விடுதலை, தன்மானம் என்று ஏதாவது. அவள் பி.எஃப். என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.]

பின்னல் ஊசிக்கு எங்கே போவது? சைக்கிள் கடையில் பழைய சக்கரக் கம்பிகளை வாங்கி, முனையைக் கல்லில் தேய்த்து, ஆளுக்கு இரண்டு கொடுத்தாள். ஒயர் கூடை பின்னி ஊரில் ஒரு பொருளையும் தரையில் வைக்க விடாத பெண்கள் அவர்கள். அரை நாளில் பிடித்துக்கொண்டார்கள். மறு நாளிலிருந்து அவளுக்கே திருத்தம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

5

இப்போது மூட்டையைப் பிரிக்கலாம்.

கம்பெனி அனுப்பிய உல்லன் நூல் ஒரு பெரிய சாக்கில் வந்து இறங்கியது. மேல்பாதி நீலம், அடிப்பாதி காப்பிப்பொடி நிறம். ரஞ்சனி சாக்கைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு முதலில் ஊருக்குள் போனாள். மாரியம்மன் கோயில் எதிரில் வண்டியை நிறுத்தி வீடு வீடாகக் கூப்பிட்டு நூல் உருண்டைகளைக் கொடுத்தாள். ஊர் முடிந்தபோது நீலமும் முடிந்தது. அப்புறம் ஏரிக்கரையைச் சுற்றிக் காலனிக்குப் போனாள். சாக்கில் இருந்த மிச்சத்தை அங்கே கொடுத்தாள்.

ஏன் அந்த வழியாகப் போனாள்? யாரும் போகச் சொல்லவில்லை. அவளும் யோசிக்கவில்லை. நிவாரண அரிசி, இலவச வேட்டி சேலை, எது வந்தாலும் இந்த ஊரில் அந்த வழியாகத்தான் போகும்: முதலில் ஊர், அப்புறம் காலனி. செக்குமாட்டுக்கு வழி சொல்ல வேண்டுமா என்ன.

[இந்த இடத்தில் "ரஞ்சனிக்கு ஜாதி பார்க்கத் தெரியாது" என்று ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். தெரியாமலே பார்க்கலாம் போலிருக்கிறது.]

சதுரங்கள் எல்லாம் பின்னி முடிந்து பால்வாடிக்கு வந்து சேர்ந்தன. ஊரார் பின்னியது அத்தனையும் நீலம். காலனியார் பின்னியது அத்தனையும் காப்பிப்பொடி. எது யார் வீட்டுச் சதுரம் என்று இனி யாரையும் கேட்கவேண்டியதில்லை. தூரத்தில் போகும் பஸ்ஸிலிருந்து பார்த்தாலே தெரியும்.

6

கலந்து கட்டித் தைக்கவேண்டும் என்பதுதான் ஸ்ரீதரின் முதல் யோசனை. ஒரே ஊர், ஒரே போர்வை அல்லவா.

மாஜி பஞ்சாயத்துத் தலைவர் கோதண்டத்தின் மனைவி சந்திரம்மாள் தம் சதுரத்தைக் கொண்டுவந்தார். நீலத்தின் நடுவில் மாங்காய் போட்டிருந்தார். அதைக் கீழே வைக்கப்போனவர் பக்கத்துக் குவியலைப் பார்த்தார்.

"இது இன்னா கலரு?"

"காலனியில பின்னினது, அத்தை."

"நல்லாத்தான் பின்னிகீறாளுங்க." மனசாரத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தம் நீலத்தை அந்தக் குவியலிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தார். "எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சித் தெச்சிடாத. அதெல்லாம் தனியா ஒரு லைனா, கீழ வெச்சிடு. எனக்கு ஒண்ணும் இல்ல. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."*

"ஆர்ட்டிஸ்ட் சார் கலந்து வெக்கச் சொன்னாரே."

"அவரு மெட்ராசு போயிடுவாரு. நீ இங்கதான இருக்கப்போற? காப்பகத்துக்கு உன் பேர ஆபீசர்கிட்ட சொன்னது உங்க மாமாதான், தெரியுமில்ல."

ரஞ்சனிக்குத் தெரியும். ஸ்ரீதரே இது கூடாது என்று சொல்லிவிட்டால் பழி தன்மேல் விழாது என்று நினைத்து அவரிடம் போனாள். நீலத்தை மேலேயும் காப்பிப்பொடியைக் கீழேயும் வரிசையாக அடுக்கிக் காட்டி, "இப்படி வெக்கலாமான்னு ஊர்ல கேக்கறாங்க சார்" என்றாள். ஸ்ரீதர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார்.

"மேலே வானம். கீழே மண். பிரில்லியண்ட்மா இது. கிராமத்து ஜனங்களுக்கு இயல்பாவே ஒரு காம்போசிஷன் சென்ஸ் இருக்கு."

தலைமுறை தலைமுறையாக ஊரும் காலனியும் இருந்த இருப்புக்குக் காம்போசிஷன் என்று பெயர் இருப்பது அன்றுதான் ரஞ்சனிக்குத் தெரிந்தது. ஸ்ரீதர் அதை வண்ணத்தில் வரைந்து கொடுத்தார். பர்சனல் ஆபீசர் கம்பெனி கேண்டீன் நோட்டீஸ் போர்டில் 'வானமும் மண்ணும்' என்று எழுதி ஒட்டினார். எல்லாருக்கும் நிம்மதி. ரஞ்சனிக்கும் நிம்மதிதான், ஆனால் தைக்கும்போது ஏனோ கீழ்வரிசையை மட்டும் கடைசியில் தைத்தாள்.

* அந்த நாலு பேரை நான் இதுவரை எந்தக் கதையிலும் சந்தித்ததில்லை. இந்த நாட்டில் நடக்கும் அத்தனை கெட்ட காரியத்துக்கும் அவர்கள்தான் பொறுப்பு.

7

கேண்டீனில் அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் ஒருத்தி இசைவாணி. காலனிப் பெண். அதே கம்பெனியில் பேக்கிங் லைனில் காண்ட்ராக்ட் வேலை. காலனியில் வீடு வீடாகப் போய்ச் சதுரங்களை வாங்கி ரஞ்சனியிடம் சேர்த்தவளும் அவள்தான்.

இவளை எப்படி எழுதுவது என்று எனக்குச் சந்தேகம். முதல் படியில் ஒரு பக்கத்துக்குப் பிரசங்கம் செய்யவைத்தேன். நன்றாக வந்திருந்தது, கைதட்டல்கூடக் கேட்டது, என் கைதான் அது. இரண்டாம் படியில் அழவைத்துப் பார்த்தேன். அழ மறுத்துவிட்டாள். மூன்றாம் படியில், ஷிப்ட் முடிந்து முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகப் பால்வாடிக்கு நடந்து வந்தாள். பின்னால் காலனிப் பெண்கள் சிலர். அவர்கள் முற்றத்தில் நின்றுகொண்டார்கள், இவள் வாசலில்.

மறுநாள் திறப்பு விழா. போர்வையை எடுத்துப்போகக் கம்பெனி வண்டி வருகிற நேரம். ரஞ்சனியும் சந்திரம்மாளும் தரை முழுக்கப் போர்வையை விரித்துக் கடைசி ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், எங்க பீஸெல்லாம் பிரிச்சிக் குடுத்துடுங்க. எடுத்துகினு போறோம்."

ரஞ்சனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னா இசைவாணி, நாளைக்குத் தொறப்ப வெச்சிகினு?"

"கேண்டீன்ல படம் பாத்தேன். எங்களுது மட்டும் அடியில ஒரு லைனா கீது."

"அது ஆர்ட்டிஸ்ட் சார் டிசைனு. நீலம் வானம், இது மண்ணு. மண்ணு கீழதான இருக்கும்?"

"உங்க வூட்டு மேல இன்னா போட்டுகீறீங்க டீச்சர்?"

"ஓடு."

"அது இன்னா, வானத்துல செஞ்சதா?"

சந்திரம்மாள் ஊசியை நிறுத்தாமலே, "ஏம்மா, இதுல போயி இன்னா மேல, இன்னா கீழ? எல்லாம் ஒரே போர்வைதான?" என்றார்.

"அப்ப உங்களுத கீழ வெச்சிக்கலாம்மா. அங்கதான் நாய் வந்து படுக்கும், வெத்தல போட்டுத் துப்புவாங்க. ஒரே போர்வைதான?"

சந்திரம்மாளின் ஊசி நின்றது.

ரஞ்சனிக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இசைவாணி சொல்வது நியாயம் என்று அவளுக்குத் தெரியும். பிரித்தால் கோதண்டம் மாமாவின் சிபாரிசு போகும், ஆபீசரிடம் கெட்ட பெயர், காப்பக வேலை கனவாகப் போகும். பிரிக்காவிட்டால் இந்தப் பெண்ணின் முகத்தில் இனி எப்படி விழிப்பது? கத்தரிக்கோலை எடுத்து இசைவாணியிடம் நீட்டினாள்.

"எனக்குக் கை வரல. நீயே பிரிச்சிக்கோ."

இசைவாணி வாங்கவில்லை.

"பின்னிக் குடுத்தது நாங்க. இப்படித் தெச்சது நீ. நீயே பிரி, ரஞ்சனி."

டீச்சர் என்று சொல்லவில்லை. பந்தியில் பாயசம் வந்தது இந்த இடத்தில்தான்.

8

இனிமேல் வருவது என் சொந்தச் சரக்கு. கைவசம் சில முடிவுகள் இருக்கின்றன.

அ. ரஞ்சனி அத்தனையும் பிரித்துச் சதுரங்கப் பலகைபோல மாற்றித் தைக்கிறாள். சந்திரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இசைவாணியைக் கட்டிக்கொள்கிறார். கோதண்டம் மாலை போடு… போதும். இதை எழுதியபோது என் பேனாவே என்னை ஒரு மாதிரி பார்த்தது.

ஆ. கீழ்வரிசை கீழ்வரிசையாகவே திறப்பு விழா நடக்கிறது. அன்று பேய்மழை. மலிவு நூல், சாயம் ஓடி எல்லாச் சதுரமும் ஒரே நிறம் ஆகிறது. ஊர் திருந்துகிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் மேலிருந்து கீழேதானே ஓடும்? நீலம்தான் ஒழுகிவந்து காப்பிப்பொடிமேல் இறங்கும். காப்பிப்பொடி ஒருநாளும் மேலே ஏறாது. மழையைக்கூட நம்பமுடியவில்லை, அதுவும் ஊர்ப்பக்கம்தான்.

இ. இசைவாணி தங்கள் சதுரங்களை மட்டும் பிரித்து வாங்கிப் போகிறாள். காலனியில் அன்று பிறந்த குழந்தைக்கு அவை போர்வையாகின்றன. இதற்குப் பரிசு நிச்சயம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: காலனிச் சதுரம் காலனிக்கே போய்விட்டது, ஊர் நிழற்குடைக்கு முழு நீலம். சந்திரம்மாள் கேட்டதைவிட ஒரு படி மேலேயே கொடுத்தாயிற்று. அதற்கு எனக்குப் பரிசு வேறு.

ஈ. இந்த மாதிரிக் கதைகளில் வழக்கமாகச் செய்வது. "அன்புள்ள வாசகரே, கத்தரிக்கோல் இப்போது உங்கள் கையில்." கதையை ஆரம்பிக்கும்போதே இந்த வரியைத் தயாராக வைத்திருந்தேன். எழுதிவிட்டு, திருப்தியாக ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். வந்து படித்தால், ரஞ்சனி செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன். அவள் நீட்டியதை இசைவாணி வாங்கவில்லை. நான் நீட்டினால் நீங்கள் மட்டும் ஏன் வாங்கவேண்டும்?

அந்த வரியையும் அடித்துவிட்டேன். நல்ல வரி, மனசு கேட்கவில்லை.

9

இசைவாணி இன்னும் வாசலிலேயே நிற்கிறாள். முழு ஷிப்ட் நின்றுவிட்டு வந்தவள். உள்ளே வந்து உட்கார் என்று ரஞ்சனி சொல்லவில்லை. சந்திரம்மாள் சொல்லமாட்டார். இத்தனை பக்கம் எழுதிய எனக்கும் தோன்றவில்லை.

[உட்காருங்கள், இசைவாணி.]

உட்காரவில்லை.

நீட்டிய கத்தரிக்கோல் நீட்டியபடியே இருந்தது. ரஞ்சனி மெல்லக் கையை மடக்கிக்கொண்டாள். விரித்துக் கிடந்த போர்வையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். முழு நீலம், அதற்கடியில் முழுக் காப்பிப்பொடி. இரண்டு நிறமும் ஒரே சாக்கில் வந்தவை. தள்ளுவண்டியை முதலில் எந்தப் பக்கம் திருப்பினோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வானமும் இல்லை, மண்ணும் இல்லை. யார் எந்த நிறம் என்று பிரித்துக் கொடுத்தது அவள் கைதான். ஏரியில் போய் விழலாமா என்றிருந்தது.

விழவில்லை. போர்வையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கீழ்வரிசையின் முதல் முடிச்சைத் தேடிப் பிடித்து வெட்டினாள். அடுத்ததையும் வெட்டினாள். அதோடு நிற்காமல் அதற்கு மேலே இருந்த நீலத்துக்குக் கத்தரிக்கோலைக் கொண்டுபோனாள். மாங்காய் போட்ட சதுரம் கழன்று வந்தது.

"அது என்னுது" என்றார் சந்திரம்மாள்.

"தெரியும் அத்தை. எது பக்கத்துல வெக்கிறதுன்னு பாத்துகினு கீறேன்."

சந்திரம்மாள் வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்ல நினைத்தாரோ, அதற்குள் வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. கம்பெனி வண்டி. முற்றத்துப் பெண்கள் யாரும் வழிவிடவில்லை போலிருக்கிறது, இரண்டாம் தடவையும் அடித்தான். பர்சனல் ஆபீசரின் குரல், "ரெடியாம்மா?" என்று கேட்டது.

"வந்துட்டாங்க. இன்னாடி சொல்றது?" என்றார் சந்திரம்மாள். அவருடைய குரலே அவருக்குக் கேட்கவில்லை.

ரஞ்சனி தலையைத் தூக்கவில்லை. அடுத்த முடிச்சைப் பிடித்தாள்.

"நிக்கச் சொல்லுங்க அத்தை. இன்னும் முடியல."